மார்கழியில் நிறைந்த பட்டறை

"படி தருவாங்க எண்டா, எத்தினை படி புள்ள?" என்று சீதேவிப்பிள்ளை கேட்டாள்.

பழுகாமத்துத் துறையடியில், கிழக்கே எழுவான்கரைக்குப் போன தோணி திரும்பி வரட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்த நேரம் அது. கார்த்திகை முடியும் நாட்கள். மழை விட்டிருந்தது. வாவி பெருகிக் கரையோரத் தாழம்புதர்களின் இடுப்பளவுக்கு ஏறி, அசைவில்லாமல் கிடந்தது. அக்கரைத் தென்னைகள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. எது மரம், எது நிழல் என்று தெரியவில்லை. அன்னப்பூரணி தன் கையிலிருந்த கடிதத்தை மடித்தாள். கொழும்பிலிருந்து சீதேவிப்பிள்ளையின் மகன் நல்லரத்தினம் எழுதியது. தாய்க்கு வாசித்துக் காட்டும்படி, அன்னப்பூரணி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து முகவரிக்கு அனுப்பியிருந்தான்.

"நெல்லுப் படி இல்ல மாமி. மாதா மாதம் செலவுக்குத் தாற படி. ஆராய்ச்சிப் படி எண்டு பேர்."

"படிக்கிறதுக்குப் படி." சீதேவிப்பிள்ளை அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். "அவன்தான் படிச்சு முடிஞ்சானே. சோதினை எல்லாம் பாசாம் எண்டு நீதானே வாசிச்ச. மறுகா என்னத்தப் படிக்கப் போறான்?"

"இது புத்தகத்தில இல்லாதது மாமி. இன்னும் ஒருத்தரும் எழுதாதது. அவர்தான் பாத்துப் பாத்து எழுதவேணும். எழுதி முடிச்சா டாக்குத்தர் பட்டம் குடுப்பாங்க."

"ஊசி போடுவானா?"

"இல்ல."

"மருந்து?"

"இது வேற டாக்குத்தர் மாமி."

"அப்ப ஆருக்குத்தான் வைத்தியம் பாக்கப் போறான்?"

அன்னப்பூரணி யோசித்தாள். அவளுக்கு எதையும் யோசித்துத்தான் சொல்லத் தெரியும். கடைசியில், "இந்த ஆத்துக்கு எண்டு வைங்களேன்" என்றாள்.

சீதேவிப்பிள்ளை வாவியைப் பார்த்தாள். மேற்குக் கரையான படுவான்கரையில் அதை ஆறு என்றுதான் சொல்வார்கள். பார்த்துக்கொண்டே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, அந்தப் படியை யாருக்குக் கொடுப்பார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாருக்குமா என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் இல்ல. கெட்டிக்காரராவும் இருக்கவேணும். வீட்டில..." அன்னப்பூரணி நிறுத்தினாள்.

"வீட்டில?"

"வசதி குறைவாவும் இருக்கவேணும். ஒரு துரை வந்து பாப்பாராம். உங்களிட்டயும் கேப்பாராம். நான் பக்கத்தில இருப்பன் மாமி. நீங்க சொல்லுறத இங்கிலீசில சொல்லுவன்."

தோணி வந்து கரையில் முட்டியதும் சீதேவிப்பிள்ளை எழுந்தாள். ஏறி உட்கார்ந்த பிறகு, தண்ணீருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"எனக்கு அப்பிடிச் சொல்லிப் பழக்கமில்லையே புள்ள."

அது உண்மை. அவளுக்கு மட்டுமல்ல, அந்தக் கரையில் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் அந்தப் பழக்கமில்லை. உப்பு, அரிசி, விளக்கெண்ணெய் இவற்றை 'இல்லை' என்ற சொல்லோடு சேர்க்கக்கூடாது. சேர்த்தால் வீட்டிலிருக்கும் சீதேவி அதைக் கேட்டு, 'அப்படியா, இவர்கள் என்னை இல்லையென்று சொல்லிவிட்டார்கள்' என்று எழுந்து போய்விடுவாள். அதனால் உப்புச்சட்டி துடைத்த மாதிரிக் கிடந்தால், "உப்பு நிறைஞ்சு போச்சுகா, ஒரு கை தா" என்று வேலிக்கு மேலால் கேட்பார்கள். கேட்கிறவளுக்கும் தெரியும், கொடுக்கிறவளுக்கும் தெரியும். பிள்ளைகள் தவறிச் சொல்லிவிட்டால் வாயில் ஒரு தட்டு விழும். பட்டணத்து மிசன் பள்ளிக்கூடத்தில் தங்கி இரண்டு பாஷையும் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய அன்னப்பூரணிக்கும் சின்ன வயதில் அந்தத் தட்டு விழுந்திருக்கிறது.

இந்த வழக்கத்தைச் சீதேவிப்பிள்ளை கைக்கொண்ட மாதிரி ஊரில் ஒருவரும் கைக்கொள்ளவில்லை. அந்தப் பெயரையே தாங்கியிருப்பதால் தனக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் பொறுப்பு இருப்பதாக அவள் நினைத்தாள் போலும்.

அவள் பழுகாமத்திலேயே பிறந்து, வளர்ந்து, வாழ்க்கைப்பட்டவள். உன்னிச்சைப் பக்கத்திலிருந்து வந்த சீனித்தம்பி அந்த ஊர் முறைப்படி அவளுடைய வீட்டுக்கே மாப்பிள்ளையாக வந்தான். அதிகம் பேசாத மனிதன். நாடெங்கும் காய்ச்சல் பரவிய ஆண்டில், விதைத்த வயலை முளையோடு விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தான். மூத்தவள் இரத்தினம்மா, இளையவன் நல்லரத்தினம். மகளுக்குக் கலியாணம் பேசியபோது வீட்டையும், வட்டை என்கிற வயல்வெளியில் இருந்த இரண்டு துண்டு வயலையும் சீதேவிப்பிள்ளை எழுதிக் கொடுத்தாள். வீடு பெண்ணுக்குத்தான் போகும். அதில் கேள்வி கேட்பதற்கு ஒன்றுமில்லை. கொடுத்த அன்றே தன் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு பின்னாலிருந்த அடுக்களைக்குக் குடிபோனாள். மகளின் வயல் மகளின் நாலு பிள்ளைகளுக்கே காணாது என்பதை அவளும் பார்த்தாள். ஆகவே ஊரார் வீட்டு நெல்லை அவித்து, காயவைத்து, குத்திக் கொடுத்து, கூலியாகக் கிடைக்கிற அரிசியில் மகனைப் படிக்கவைத்தாள்.

வேலை முடிந்த மாலை நேரங்களில் துறையடியில் போய்க் குந்தியிருப்பாள். யாரையும் எதிர்பார்த்து அல்ல. தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெள்ளி, செம்பு, பிறகு புகை. "சீதேவிக்கா ஆத்தோட கதைக்கிறா, குழப்பாதீங்க" என்று தோணிக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். உண்மையில் அவள் அதோடு பேசினாளோ என்னவோ.

மகனுக்கும் அந்த ஆற்றுப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. மாரியில் வெள்ளம் பெருகி வட்டை மூழ்கப் பார்க்கும்போது, கடல் பக்கத்து மணல்மேட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறந்துவிடுவார்கள். வெள்ளம் வடியும். ஆனால் பிறகு அதே வாயால் கடல் உள்ளே வரும், தாழ்ந்த வயல்களில் உப்பு ஏறும். எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்று வயல்காரருக்கும் மீன்காரருக்கும் வருஷா வருஷம் சண்டை. நல்லரத்தினம் சின்னவனாக இருந்த காலத்திலேயே வாவியின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து அடுக்களைக்குப் பின்னால் வரிசையாக வைப்பான். வெயிலில் தண்ணீர் வற்றியதும் அடியில் படிந்த உப்பை விரலால் தொட்டுப் பார்ப்பான். சீதேவிப்பிள்ளை ஒரு சிரட்டையையும் கவிழ்த்ததில்லை. விடியற்காலையில் எழுந்து வந்தால் ஒவ்வொரு சிரட்டைக்குள்ளும் ஒரு துண்டு வானம் கிடக்கும். அதை மிதித்துவிடாமல் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நெல் அவிக்கப் போவாள்.

அந்த உப்பைத்தான் அவன் இப்போது ஆராயவேண்டும் என்கிறான். பல்கலைக்கழகத்தில் அவனுடைய பேராசிரியர் சம்மதித்துவிட்டார். மூன்று வருடம் இருந்து செய்ய வழிதான் தெரியவில்லை. வசதியில்லாத வீட்டு விஞ்ஞான மாணவர்களுக்கு ஆராய்ச்சி முடியும்வரை படி கொடுப்பதற்காகக் கொழும்பில் சில கனவான்கள் ஒரு நிதி வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஒருவருக்குத்தான் இடம். அது கிடைக்காவிட்டால் தை முடிவதற்குள் பட்டணத்து அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் உத்தியோகத்துக்கு வருவதாக நல்லரத்தினம் ஒப்புக்கொண்டிருந்தான். நல்ல உத்தியோகம்தான். ஊரில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் கடிதத்தின் கடைசியில், 'ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகலாம்' என்று ஒரு வரி எழுதியிருந்தான். அதை வாசித்தபோது அன்னப்பூரணியின் குரல் சற்று இறங்கிப்போயிற்று. சீதேவிப்பிள்ளை அதைக் கவனித்தாள்.

துரை வருகிற செய்தி மார்கழி பிறந்ததும் வந்தது. அன்னப்பூரணி போய்ச் சொன்னாள்: ஒன்றும் செய்யவேண்டாம், இருக்கிறபடி இருங்கள், அவர் இருக்கிறதைப் பார்க்கத்தான் வருகிறார். சீதேவிப்பிள்ளை எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். அடுத்த நாள் ஊரே அவளுடைய மகளின் வீட்டு வளவுக்குள் நின்றது.

ஒரு வெள்ளைக்காரத் துரை தோணியேறி வருகிறார். பழுகாமத்துக்கு விருந்தாளி. அவரை வெறும் தரையில் இருத்த முடியுமா? பள்ளிக்கூடத்திலிருந்து கதிரை வந்தது. ஊர்த்தலைவரான விதானையார் வீட்டிலிருந்து ஒரு முட்டி எருமைத்தயிர் வந்தது. யாரோ இறால் கொண்டுவந்தார்கள், யாரோ தேன். காத்தான்குடியிலிருந்து புடைவைப் பொட்டணத்தோடு ஊர் ஊராக வருகிற கச்சி முகம்மது அன்று தற்செயலாக வந்து அகப்பட்டுக்கொண்டார். அவர் பொட்டணத்தை அவிழ்த்து, மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கதிரையின் மேல் விரித்தார்.

"துரை தேத்தண்ணியக் கொட்டினா நீதான் இத வாங்கணும் தங்கச்சி" என்றார்.

"கொட்டமாட்டாரு காக்கா. வெள்ளக்காரங்க மெல்லமாத்தான் குடிப்பாங்க" என்றாள் சீதேவிப்பிள்ளை.

இரத்தினம்மா அன்னப்பூரணியின் காதருகே வந்து, "மாமி மாமி எண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு நல்லாத்தான் மருமகள் வேலை பாக்காய்" என்று கிள்ளிவிட்டுப் போனாள். அன்னப்பூரணி கதிரையின் கால்களைத் துடைத்தாள். துடைத்த காலையே மறுபடியும் துடைத்தாள்.

துரை நல்ல மனிதர். வயது போனவர். முன்னொரு காலத்தில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்துவிட்டு, நாட்டை விட்டுப் போக மனமில்லாமல் பட்டணத்தில் வாவியோரமாக வீடெடுத்து இருந்தார். உத்தியோகத்துக்காக இளவயதில் தமிழ்ச் சோதனை எழுதித் தேறியவர். அந்தத் தமிழைப் பேசுவதில் அவருக்குப் பெருவிருப்பம். அன்று மழைத்தூறல் நின்று, மூடுபனிபோல ஒரு வெளிச்சம் எங்கும் பரவியிருந்தது. வட்டை முழுவதும் பச்சை. மார்கழியில் படுவான்கரை வயல்கள் இருக்கிற பச்சையைப் பார்த்தால், இந்த ஊரில் பசி என்று ஒன்று உண்டா என்று யாருக்கும் தோன்றும். பழைய நெல் முடிந்து, புதுநெல் இன்னும் பாலாகக்கூடப் பிடிக்காத மாதம் அது என்பது வயலைப் பார்த்தால் தெரியாது.

துரை இறாலைச் சாப்பிட்டார். தயிரும் தேனும் சாப்பிட்டு, அப்படியொரு தயிரைத் தாம் வாழ்நாளில் உண்டதில்லை என்றார். வாசற்படியில் நின்றவர்கள் பெருமையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாசற்படியில் நின்ற பலர் அன்று காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்பது அன்னப்பூரணிக்குத் தெரியும். மகனைப் பற்றித் துரை ஆங்கிலத்தில் கேட்டதை அவள் தமிழாக்கினாள். தாய் சொன்னதை ஆங்கிலமாக்கினாள். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. பிறகு துரை கையை உயர்த்தி, இதைத் தாமே கேட்கிறேன் என்று சாடை காட்டிவிட்டு, சீதேவிப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"அம்மையே, தங்கள் களஞ்சியத்தில் நெல் உளதா?"

சீதேவிப்பிள்ளை விழித்தாள்.

"பட்டறையக் கேக்காரு தங்கச்சி" என்று கச்சி முகம்மது மெல்லச் சொன்னார்.

வீட்டின் பக்கவாட்டில், கல்லுக்கால்களின் மேல் நெற்பட்டறை நின்றது. பழைய பலகைப் பட்டறை. சீதேவிப்பிள்ளை அதைப் பார்க்கவில்லை. கதவுநிலையில் கையை வைத்தாள். கடிதம் வந்த நாளிலிருந்து இந்த நொடிக்காகத்தான் அவள் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தாள் என்பதும், அது அவளுக்கு எவ்வளவு பாரமாயிருந்தது என்பதும் அவளுடைய முகத்தில் தெரிந்தது.

"துரைக்கு மறைக்க என்ன இருக்கு" என்றாள். "கார்த்திகையோடயே பட்டறை நிறைஞ்சு போச்சுங்க. இப்ப அரிசிப்பானையும் நிறைஞ்சு போச்சு."

சொல்லி முடித்தபோது கண் கலங்கியிருந்தது. சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

துரையின் முகம் மலர்ந்தது. அன்னப்பூரணியைப் பார்த்து, தமிழாக்கவேண்டாம், விளங்கிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு மறுபடியும் சீதேவிப்பிள்ளையைப் பார்த்து, "நிறைந்து போயிற்றா. மிக்க மகிழ்ச்சி அம்மையே, மிக்க மகிழ்ச்சி" என்றார்.

கச்சி முகம்மது தன் பொட்டணத்தின் முடிச்சைப் பார்த்தார். இரத்தினம்மாவின் கணவன் இராசதுரை தொண்டையைச் செருமினான், பிறகு அதையும் விட்டுவிட்டான். திருத்தவேண்டுமென்றால் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும். அந்த வாசலில் நின்றுகொண்டு, அந்தப் பட்டறைக்கு முன்னால், யார் அதைச் சொல்வது?

துரை கைகழுவப் போனபோது சீதேவிப்பிள்ளை அன்னப்பூரணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"சொல்லிட்டன் புள்ள. எப்பிடியோ என்ட வாயாலயே சொல்லிட்டன்."

தோணிவரைக்கும் துரையோடு போய்வருவதாக அன்னப்பூரணி சொன்னாள். அவளாக முன்வந்து எதையும் கேட்கிற பெண் அல்ல. அதனால் எல்லாரும் ஒருகணம் அவளைப் பார்த்தார்கள்.

வரம்பில் துரை முன்னே நடந்தார், அவள் பின்னே. இரண்டு பக்கமும் பயிர் இடுப்பளவு. காற்று வந்தால் பச்சை ஒருமுறை வெளுத்துப் பிறகு கறுத்தது. துரை கைத்தடியை நீட்டி அதைக் காட்டி, அழகு என்றார். பிறகு நடையைத் தளர்த்தி, வருத்தத்தோடு ஆங்கிலத்தில் பேசினார். இந்தக் குடும்பத்தை அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஆனால் இடம் ஒன்றுதான். இதே வாரத்தில் வேறு ஒரு வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே உட்காரச் சொல்லக்கூட ஒன்றும் இருக்கவில்லை, வாசலிலேயே அழுதார்கள். இங்கே கல்வீடு இருக்கிறது, வயல் இருக்கிறது, நெல் நிறைந்திருப்பதாக அந்தத் தாயே கண்ணீரோடு நன்றி சொல்கிறாள். நியாயமாக என்ன செய்யவேண்டும் என்று நீயே சொல் என்றார்.

அன்னப்பூரணி நின்றுவிட்டாள். கொஞ்சத் தூரம் நடந்த பிறகே துரைக்கு அது தெரிந்தது. திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் கேட்ட சொல்லுக்கு எங்கள் ஊரில் அது பொருள் இல்லை" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "நிறைந்துபோயிற்று என்றால், முடிந்துபோயிற்று." பிறகு அந்தச் சின்ன ஆங்கிலச் சொல்லையும் சொன்னாள். எம்ப்டி. பாடப்புத்தகத்தில் ஆயிரம் தடவை வாசித்த சொல். அன்றுதான் முதல்முறையாக அதை ஒரு வீட்டின் மேல் வைத்துச் சொன்னாள்.

துரை சிரிக்கப் பார்த்தார், அவளுடைய முகத்தைக் கண்டதும் சிரிக்கவில்லை. ஏன் அப்படிச் சொல்லவேண்டும் என்று கேட்டார்.

"மற்றச் சொல்லைக் கேட்டால் சீதேவி வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று."

"அந்த அம்மாளா?"

"இல்லை ஐயா. செல்வத்துக்கான தெய்வம். அந்த அம்மாளுக்கும் அவளுடைய பெயர்தான்."

அப்படியென்றால் உண்மையிலேயே நிறைந்திருக்கும்போது என்ன சொல்வீர்கள் என்று துரை கேட்டார். ஒன்றும் சொல்லமாட்டோம் என்றாள் அன்னப்பூரணி. அவர் கைத்தடியை வரம்பில் ஊன்றினார். பிறகு, கேட்பதற்குக் கூச்சப்பட்டவர்போல, வீட்டைப் பற்றிக் கேட்டார். வீடு மகளுடையது, வயலும் மகளுடையது, தாய் பின்னாலிருக்கும் அடுக்களையில் இருக்கிறாள், தாயின் சொத்து பெண்பிள்ளைக்குப் போவது இங்கே வழக்கம் என்று சொன்னாள். தயிரைப் பற்றிக் கேட்டார். சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சீதேவிப்பிள்ளையின் மேலிருந்து ஒவ்வொரு நகையாகத் தானே கழற்றி ஒரு அந்நியர் கையில் கொடுப்பதுபோல அவளுக்கு இருந்தது.

"அந்தக் கதிரை?" என்று துரை கேட்டார்.

அவள் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. வரம்பின் வளைவில் கதிரை வந்துகொண்டிருந்தது. இராசதுரை அதைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுவதற்குள் கொண்டுபோய் வைத்துவிடவேண்டும் என்று வேகமாக வந்தான். துரையை எதிரே கண்டதும் திகைத்து, வரம்பை விட்டு வயலுக்குள் இறங்கினான். முழங்கால்வரை சேற்றில் புதைந்து, தலையில் நாலு கால்களும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, பயிருக்கு நடுவில் அசையாமல் நின்றான். தான் அசையாமல் நின்றால் துரை காணமாட்டார் என்று நினைத்தானோ என்னவோ. துரை தன் தொப்பியைக் கழற்றி அவனுக்கு மரியாதை செய்தார். இராசதுரையால் கும்பிட முடியவில்லை. கதிரைதான் சற்றுக் குனிந்தது.

தொப்பியைத் துரை மறுபடியும் போட்டுக்கொள்ளவில்லை. கையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினார்.

"ஐயா, பட்டறையைத் திறந்து பார்க்கவேண்டாம்" என்றாள் அன்னப்பூரணி. அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால், நீங்கள் தோணிக்கே போய்விடுங்கள்."

"திறக்கமாட்டேன்" என்றார் அவர்.

வளவுக்குள் கச்சி முகம்மது வெள்ளைத் துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தார். மிஞ்சிய சோற்றைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். துரையைக் கண்டதும் எல்லாரும் எழும்பினார்கள். துரை யாரையும் பார்க்காமல் பக்கவாட்டாக நடந்தார். பட்டறையைக் கடக்கும்போது, கதவைத் தட்டுகிறவர்போல, விரல்முட்டியால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. வெறும் குடத்துக்குள் பேசினால் திரும்பிவருமே, அந்த மாதிரி. அது வளவெங்கும் பரவி மெல்ல அடங்கியது. பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சீதேவிப்பிள்ளை அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். அவளும் கேட்டாள்.

துரை அவளுக்கு முன்னால் போய் நின்று, சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்தார்.

"அம்மையே, தங்கள் பட்டறை நிறைந்துதான் போயிற்று. எனக்கு நன்றாக விளங்கிற்று."

"அதத்தானே துரை, நான் அப்பவே சொன்னன்" என்றாள் சீதேவிப்பிள்ளை.

துரை தலை குனிந்து கும்பிட்டார். அவ்வளவுதான். தோணி போன பிறகும் அன்னப்பூரணி துறையடியில் நின்றாள். பனி இறங்கி அக்கரை மறைந்துவிட்டது. தண்ணீரும் வானமும் ஒன்றாகி, தோணி காற்றில் மிதந்து போவதுபோலத் தெரிந்தது. தான் செய்தது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. துரை எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அழுத வீடு ஒன்றும் அவருடைய மனதில் இருந்தது. கச்சேரியிலிருந்து பதில் கேட்டு இரண்டாவது கடிதம் நல்லரத்தினத்துக்கு வந்திருந்தது.

தை நடுவரைக்கும் ஒரு செய்தியும் இல்லை. சீதேவிப்பிள்ளை நெல் அவித்தாள், குத்தினாள், மாலையில் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துரையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. கதிர்கள் பழுக்கத் தொடங்கி, பச்சைக்கு மேல் பொன்நிறம் ஒரு மூச்சுப்போலப் படர்ந்த நாட்களில்தான் கொழும்புக் கடிதம் வந்தது. படி நல்லரத்தினத்துக்கே. மூன்று வருடத்துக்கு. அழுத வீட்டுப் பிள்ளைக்கும், துரை தம் சொந்த முயற்சியில் வேறெங்கோ கேட்டு ஒரு வழி செய்திருப்பதாகக் கடிதத்தில் இருந்தது. கச்சேரிக்கு வரவில்லை என்று அவன் எழுதிவிட்டான். சித்திரையில் போத்தல்களோடு வந்து ஆற்றில் ஒவ்வொரு மூலையாகத் தண்ணீர் எடுப்பானாம். அம்மாவிடம் பழைய சிரட்டைகள் இருந்தால் எறிந்துவிட வேண்டாம் என்று சொல்லச் சொன்னான்.

அன்னப்பூரணி அதைக் கொண்டுபோய் வாசித்தாள். சீதேவிப்பிள்ளை ஓம் என்றாள். இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு உலக்கையை எடுத்து விட்ட வேலையைத் தொடர்ந்தாள். இரத்தினம்மாதான் அழுதாள். ஊரில் சிலர் அப்போதே ஊசி போடாத டாக்குத்தரிடம் காட்டுவதற்குத் தங்கள் முழங்கால் வலிகளை ஆயத்தம் செய்தார்கள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு அன்னப்பூரணி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். விறாந்தையின் ஓரத்தில் சீதேவிப்பிள்ளை நின்றாள். அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்து யாரும் கண்டதில்லை. மகன் படித்த காலத்தில்கூட வாசல்வரைதான் வந்திருக்கிறாள். உள்ளே வரும்படி கூப்பிட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டு, விறாந்தைத் தூணோடு சாய்ந்துகொண்டாள். கையில் உமி ஒட்டியிருந்தது.

"அண்டைக்குத் துரை தொப்பியக் கழட்டிக்கொண்டு திரும்பி வந்தாரே" என்றாள். "போகக்குள்ள வேற மனிசன், வரக்குள்ள வேற மனிசன். வரம்பில வச்சு நீதான் என்னமோ சொல்லியிருக்காய்."

அன்னப்பூரணி பூட்டிலிருந்து கையை எடுத்தாள். "சொன்னன் மாமி. கோவிக்காதீங்க."

"கோவமில்ல. நான் சொன்னது அவருக்கு விளங்கல்ல, அப்பிடித்தானே? எனக்குப் பட்டறையில அவர் தட்டக்குள்ளதான் விளங்கிச்சு." வயல் பக்கம் திரும்பினாள். "நீ அந்தச் சொல்லைச் சொல்லியிருக்காய். எங்கட வளவுக்குப் பக்கத்தில நிண்டே சொல்லியிருக்காய். பாத்தியா, ஒண்டும் நடக்கல்ல. பயிர் பழுத்துத்தான் கிடக்கு. சீதேவி எழும்பிப் போகல்ல."

"இங்கிலீசிலதான் மாமி சொன்னன்."

"அதான் கேக்கன்." சீதேவிப்பிள்ளை தூணை விட்டு ஓர் அடி கிட்ட வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். முகம் வெட்கப்பட்ட சின்னப் பெண்ணின் முகம்போல இருந்தது. "எத்தினை வருசமா நெஞ்சுக்குள்ளயே வச்சிருக்கன் தெரியுமா. ஒருநாளைக்கு ஒருக்காவெண்டாலும் வாய்விட்டுச் சொல்லவேணும்போல இருக்கு. அந்தச் சொல்ல எனக்கும் சொல்லித் தா புள்ள. சீதேவிக்கு இங்கிலீசு விளங்காதுதானே."